டீச்சரின் கட்டைவிரல்

எப்சிபாய் டீச்சருக்குக் கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். வந்த வினையும் அதனால்தான் வந்தது.

பள்ளிக்கூட வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறுமாதமே அவர் சலோமியம்மாளிடம் போய்ச் சேர்ந்தார். சலோமியம்மாள் வீடுவீடாகப் போய் ஜெபிக்கிற சபை ஊழியக்காரி. டீச்சரைவிட எட்டு வயது இளையவர். அவரிடம் போய், "எனக்கு ஜெபிக்கச் சொல்லிக் கொடுங்கம்மா" என்று கேட்டதை ஊரே சொல்லிச் சிரித்தது. முப்பத்தைந்து வருஷம் பிரம்பு பிடித்த கை இப்போது அடுத்தவளின் பையைத் தூக்கிக்கொண்டு அலைகிறதே என்றார்கள். டீச்சர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மூன்று வருஷமாகியும் சலோமியம்மாள் எதையும் சொல்லிக் கொடுத்ததாகத் தெரியவில்லை. சீக்காளி வீட்டில் கஞ்சி காய்ச்சச் சொல்வார். மூத்திர நாற்றம் அடிக்கிற பாயை வெயிலில் போடச் சொல்வார். கிளம்பும்போது நாலு வார்த்தை ஜெபம், அவ்வளவுதான். டீச்சருக்கு அது போதவில்லை. துக்கப்படுகிறவர்களுக்குக் கையில் பிடித்துக்கொள்ள ஏதாவது கொடுக்க வேண்டாமா என்று மனசு அடித்துக்கொள்ளும்.

வருஷப் பிறப்பன்று காலை ஆராதனையில் ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுப்பது அந்தச் சபையின் வழக்கம். ஒவ்வொரு அட்டையிலும் ஒரு வேத வசனம் இருக்கும். எழுத்துள்ள பக்கத்தைக் கவிழ்த்து, கட்டாகப் பிடித்து நீட்டுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை உருவ வேண்டும். கையில் வந்ததுதான் அந்த வருஷத்துக்கென்று ஆண்டவர் தனக்குச் சொன்ன சொல். அதைக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைப்பார்கள், வருஷம் பூராவும் அதையே பிடித்துக்கொண்டு நிற்பார்கள்.

அட்டை எழுதுவது டீச்சர்தான். நீட்டுவதும் டீச்சர்தான்.

அந்த வருஷம் யூனிஸ் வரிசையில் வந்தாள். மூன்றாம் வகுப்பில் டீச்சரிடம் படித்தவள். அவள் புருஷன் அருமைநாயகத்துக்கு ஈரல் கெட்டு, வயிறு வீங்கி, டாக்டர்கள் கைவிரித்து வீட்டுக்கு அனுப்பி மூன்று நாள் ஆகியிருந்தது. டீச்சர் மூலை மடித்த அட்டை ஒன்றைக் கட்டின் அடியில் வைத்திருந்தார். அதைக் கொடுப்பதா வேண்டாமா என்று அதுவரை மனசு ஒரு நிலையில் இல்லை. யூனிஸ் கண்ணை இறுக்கிக்கொண்டு கையை நீட்டினாள். அந்த முகத்தைப் பார்த்ததும் டீச்சருக்குப் பொறுக்கவில்லை. மடித்த அட்டையைக் கட்டைவிரலால் முன்னே தள்ளி, மற்றதையெல்லாம் இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

யூனிசால் அதை மட்டும்தான் உருவ முடிந்தது. சாகாமல் பிழைத்திருப்பதைப் பற்றிய வசனம் அது.

அவள் அங்கேயே விழுந்து அழுதாள். சபையும் அழுதது. டீச்சரும் சேர்ந்து அழுதார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் கொடுமை.

மஸ்கட்டில் இருக்கும் மகன், "கிளம்பி வரட்டுமாம்மா?" என்று கேட்டான். "கர்த்தரே சொல்லிட்டாருல்லா, எதுக்குல லீவை வீணாக்குத? அப்பா எந்திரிச்சு நடக்கட்டும், அப்ப வா" என்றாள் யூனிஸ். அருமைநாயகம் நாலைந்து தடவை அவள் கையைப் பிடித்து, "யூனிசு, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்" என்று ஆரம்பித்தார். விடைபெறுகிற பேச்சாகத் தோன்றியது. அவள் அவர் வாயைப் பொத்தினாள்.

"அவிசுவாசமாப் பேசாதீங்க. நமக்கு அட்டை வந்திருக்கு."

பிப்ரவரி ஒன்பதாம் தேதி அவர் போய்ச் சேர்ந்தார். மகன் வந்து இறங்கும்போது கல்லறையில் மண் காய்ந்திருந்தது.

அடக்கம் முடிந்த அன்று யூனிஸ் டீச்சரிடம் ஒன்றே ஒன்று கேட்டாள்.

"டீச்சர், கர்த்தர் பொய் சொல்லுவாரா?"

"அவர் வழி வேற, நம்ம வழி வேறம்மா" என்று டீச்சர் வகுப்பறைக் குரலில் சொன்னார்.

அன்றிலிருந்து யூனிஸ் கோயில் பக்கம் வரவில்லை. வீடு தேடி வந்த ஜெபக்குழுவை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பினாள். வேதப்புத்தகத்தைத் துணியில் சுற்றிப் பரணில் போட்டுவிட்டாள் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். டீச்சருக்கும் ஜெபம் வரவில்லை. முழங்கால் போட்டால் கட்டைவிரல்தான் ஞாபகத்துக்கு வந்தது.

ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு சனிக்கிழமை காலையில், கோயில் முற்றத்தில் பாய் உதறிக்கொண்டிருந்த சலோமியம்மாளிடம் போய் நின்றார்.

"அம்மா, யூனிசுக்கு நான் என்ன சொல்லட்டும்?"

"எதைப் பத்தி?"

"கர்த்தர் பொய் சொல்லுவாரான்னு கேட்டா."

"இந்தப் பாயோட அந்த முனையைப் பிடிங்க."

டீச்சர் பிடித்தார். இரண்டு பாய் உதறினார்கள். மூன்றாவது பாயில் டீச்சரின் கை ஓய்ந்துபோனது. அழுகையும் சொல்லுமாக எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்.

திட்டு விழும் என்று காத்திருந்தார். திட்டு விழவில்லை.

"எந்த விரல்?" என்று கேட்டார் சலோமியம்மாள்.

டீச்சர் வலது கட்டைவிரலைக் காட்டினார்.

"ஏன் தள்ளினீங்க?"

"வேற எதுவும் வந்துட்டா என்ன செய்யன்னு பயம்."

"அத்தனையும் நீங்க எழுதினதுதான? கெட்ட வசனம் ஒண்ணும் இருந்திருக்காதே."

"இல்லம்மா. ஆனா அவ இருந்த நிலைமைக்கு அதெல்லாம் பத்தாதுன்னு தோணிச்சு."

"அவளுக்கு வரவேண்டிய அட்டை எது?"

"தெரியாது. பின்னால நின்னவங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க."

சலோமியம்மாள் மூன்றாவது பாயைத் தானே சுருட்டி வைத்தார். அந்த முகத்தை டீச்சரால் ஏறிட்டுப் பார்க்க முடியவில்லை.

"செருப்பைப் போடுங்க" என்றார் சலோமியம்மாள்.

"அவகிட்டப் போய் நான் என்னன்னு சொல்லுவேன்?"

"விரலைக் காட்டுங்க."

யூனிஸ் அடுக்களைத் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். ஒரு ஆளுக்கு அவ்வளவு கீரை வேண்டியதில்லை. சலோமியம்மாளைப் பார்த்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

டீச்சர் நின்றபடியே சொன்னார். எதையும் மறைக்கவில்லை, மூலை மடித்ததைக்கூடச் சொன்னார். சொல்லி முடித்ததும் கையை நீட்டினார், வகுப்பில் அடி வாங்கப் பிள்ளைகள் நீட்டுவதுபோல.

யூனிஸ் அந்தக் கையையே பார்த்தாள்.

"அப்ப அது கர்த்தர் சொன்னது இல்லையா?"

"இல்லம்மா. நான்தான்."

"நாப்பது நாளு அந்த அட்டையை அவர் தலைமாட்டுலயே வச்சிருந்தேன் டீச்சர்."

"என்னை மன்னிச்சிரு யூனிசு."

"அவரு என்ன சொல்ல வந்தாரு?"

டீச்சர் நீட்டிய கையை மடக்கிக்கொண்டார்.

"நீங்கதான் எல்லாத்துக்கும் பதில் வச்சிருப்பீங்களே. சொல்லுங்க. நான் வாயைப் பொத்துனேனே, அப்ப அவரு என்ன சொல்ல வந்தாரு?"

கீரைத் தட்டு சுவரில் போய் மோதியது.

"போங்க. என் கண்ணு முன்னால நிக்காதீங்க."

சலோமியம்மாள் ஏதாவது சொல்லிச் சமாதானப்படுத்துவார் என்று டீச்சர் அவரைப் பார்த்தார். அவரோ தரையில் உட்கார்ந்து, சிந்திய கீரையைப் பொறுக்க ஆரம்பித்திருந்தார். இந்தப் பக்கம் திரும்பவே இல்லை.

டீச்சர் வெளியே வந்து கதவோரமாக நின்றார். வெயில் ஏறியது. தெருக்குழாயில் தண்ணீர் பிடிக்க வந்தவர்கள், "என்ன டீச்சர், இங்க நிக்கீங்க?" என்று கேட்டார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். அறுபத்து மூன்று வயதில் வகுப்புக்கு வெளியே நிற்க வைத்தாயிற்று என்று நினைத்துக்கொண்டார். சிரிப்பு வரவில்லை.

உள்ளே முதலில் அழுகைச் சத்தம் கேட்டது. பிறகு யூனிசின் குரல் உயர்ந்தது.

"நீர் பாத்துக்கிட்டுத்தான இருந்தீரு? அந்தம்மா தள்ளும்போது உமக்குக் கண்ணு இல்லையா? அவரு பேசட்டும்டின்னு எனக்கு ஒரு வார்த்தை தோண வச்சிருக்கப்படாதா? எம்புள்ளைக்கு நான் என்ன பதில் சொல்லுவேன்? சொல்லும்! வாயைத் திறந்து சொல்லும்!"

சலோமியம்மாள் வெளியே வந்தார். கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

டீச்சர் பதறிப்போனார். "அம்மா, அவ ஆண்டவரைத் திட்டுதா."

"ஆமா."

"இப்படியா பேசுறது! நீங்க இங்க வந்து நிக்கீங்களே. நானாவது போய் ஆறுதலா ஒரு வசனம் சொல்லுதேன்."

டீச்சரின் வலது கை கதவை நோக்கிப் போனது. சலோமியம்மாள் அந்தக் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"அடக்கத்துக்குப் பிறகு இன்னைக்குத்தான் அவ ஆண்டவர்கூடப் பேசுதா. ரெண்டு பேரும் பேசட்டும். விரலை எடுங்க டீச்சர்."