குழாயடிப் பிரச்சினையைக் காப்பாற்றிய மூவர்

மதுரையில் ஒரு கல்லூரி விடுதியில் சோணைமுத்து, தவசி, வெள்ளைச்சாமி என்று மூன்று பேர் ஒரே அறையில் இருந்தார்கள். மூவரும் தங்கமான பிள்ளைகள். யார் எதைச் சொன்னாலும் அப்படியே செய்வார்கள். அவர்களிடம் இருந்த ஒரே கோளாறும் அதுதான்.

நகரத்து மக்களோடு சேர்ந்து அவர்களுடைய பிரச்சினை ஒன்றை ஆராய்ச்சி செய்யும் மாணவர்களுக்கு உதவித்தொகை தரப்போவதாக ஓர் அறிவிப்பு வந்தது. தவசிக்கு அது கிடைத்தே ஆக வேண்டும். கிடைக்காவிட்டால் படித்தது போதும், வந்து கோழிப்பண்ணையைப் பார் என்று அவன் அப்பா சொல்லிவிட்டார். தவசிக்குக் கோழி என்றால் குலைநடுக்கம். ஆம்லெட்டைக்கூட யாராவது பக்கத்தில் இருந்தால்தான் சாப்பிடுவான்.

பேராசிரியை அமலோற்பவம் மூவரையும் கூப்பிட்டுப் புத்தி சொன்னார்.

"மக்களோட மக்களா நில்லுங்கப்பா. ஆராயிற விஷயத்துல கை வைக்காதீங்க, இருக்கிறது இருக்கிறபடியே இருக்கணும். முக்கியமா, பிரச்சினை என்னான்னு நீங்களா எழுதாதீங்க. அது மக்கள் வாயால வரணும்."

மூவரும் இதை மனப்பாடம் செய்துகொண்டு சோடாக்காரர் சந்துக்குப் போனார்கள். அந்தச் சந்துக்கே ஒரு தெருக்குழாய். அதில் தண்ணீர் நூல் மாதிரி வரும். குடங்கள் சந்து முனைவரை நிற்கும்.

மக்களோடு மக்களாக நிற்க வேண்டுமே என்று இவர்களும் ஆளுக்கொரு குடத்தோடு வரிசையில் நின்றார்கள். முறை வந்ததும் சோணைமுத்து குழாய்க்கு முன்னால் போய்ச் சும்மா நின்றான்.

"பிடிங்க தம்பி, வெரசா!" என்றார் பின்னால் நின்ற செல்லத்தாய். அந்தச் சந்தில் அவர் சொன்னால் குழாயே கேட்கும்.

"நான் பிடிச்சா தண்ணி குறைஞ்சிரும்க்கா. இருக்கிறது இருக்கிறபடியே இருக்கணும்."

"அப்ப தள்ளி நில்லுங்க."

"தள்ளி நின்னா மக்களோட நின்னதா ஆகாதேக்கா."

வரிசை அரைமணி நேரம் நகரவில்லை. செல்லத்தாய் அவனைக் குடத்தோடு சேர்த்துத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுத் தண்ணீர் பிடித்தார்.

மறுநாள் வேறு தொல்லை. முந்தின நாள் குழாயடியில் சண்டை போட்ட இரண்டு பெண்கள் சமாதானமாகி, சிரித்துப் பேசிக்கொண்டு நின்றார்கள். வெள்ளைச்சாமிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஓடிப்போய்க் கையெடுத்துக் கும்பிட்டான்.

"நேத்து இருந்தது மாதிரியே இருங்கக்கா. நீங்க இவங்க தலைமுடியப் பிடிச்சிருந்தீங்க. இவங்க உங்க வீட்டுக்காரரைப் பத்தி என்னமோ சொன்னாங்க."

என்ன சொன்னார் என்பதையும் எடுத்துக் கொடுத்தான். சண்டை முதல்நாளைவிட நன்றாகவே நடந்தது.

மூன்றாம் நாள் குழாயைச் சரிசெய்ய பிளம்பர் மூக்கையா வந்தார். தவசி பாய்ந்து குழாயைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, கை வைக்காதீங்க! ஆராய்ச்சி நடக்குது!"

"தண்ணி வரணுமா வேணாமா?"

"வரக்கூடாதுண்ணே. வந்தா நான் கோழி மேய்க்கணும்."

மூக்கையா அவனை ஏற இறங்கப் பார்த்தார். பாவம், வெயில் என்று நினைத்துக்கொண்டு டீக்கடைப் பக்கம் போனார். மூவரும் மதியச் சாப்பாட்டுக்குப் போன நேரம் பார்த்து வந்து, குழாயை மாற்றிவிட்டுக் கிளம்பிவிட்டார்.

திரும்பி வந்தால் தண்ணீர் கொட்டோ கொட்டென்று கொட்டுகிறது. சந்தே சிரிக்கிறது. மூவரும் நடுத்தெருவில் உட்கார்ந்து அழுதார்கள்.

"பிரச்சினை போச்சேடா" என்றான் தவசி.

"எங்க போயிருக்கும்?" என்றான் சோணைமுத்து. "நல்லா யோசி. பிரச்சினை எதுல இருந்துச்சு?"

"குழாயில."

"அந்தக் குழாய் எங்க இருக்கு?"

"மூக்கையா அண்ணன் பையில."

"அப்ப தொலையல. இடம் மாறியிருக்கு, அம்புட்டுத்தான்."

மூக்கையா வீட்டுக்கு ஓடிப் பழைய குழாயைக் கேட்டு வாங்கினார்கள். மறுநாள் காலையில் ஸ்பேனரும் கையுமாக வந்து புதுக் குழாயைக் கழற்றினார்கள். கழற்றினார்களே தவிர, பழையதை மாட்டத் தெரியவில்லை. பீய்ச்சி அடித்த தண்ணீர் செல்லத்தாய் வீட்டு வாசலைத் தாண்டி, அடுப்பை அணைத்து, கட்டிலில் படுத்திருந்த அவர் கணவரையும் நனைத்தது.

சந்தே திரண்டுவிட்டது. செல்லத்தாய் விளக்குமாறோடு வந்தார்.

"இந்தத் தெருவுக்கு ஒரு பிரச்சினை உண்டுன்னா, அது நீங்க மூணு பேருதான்டா!"

"ஆமா! ஆமா!" என்றது கூட்டம்.

தவசி அப்படியே நின்றான். தொப்பலாக நனைந்திருந்த அவன் முகம் மலர்ந்தது.

"டேய், மக்கள் வாயால வந்துருச்சுடா!"

விளக்குமாறு அடிக்கு நடுவிலேயே விண்ணப்பத்துக்குத் தலைப்பை எழுதிக்கொண்டார்கள்: 'சோடாக்காரர் சந்தின் முதன்மைப் பிரச்சினை: நாங்கள்.' சந்தில் எல்லாரும் சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டார்கள். செல்லத்தாய் இரண்டு இடத்தில் போட்டார்.

விண்ணப்பத்தைப் பார்த்த தேர்வுக் குழு அசந்துபோனது. ஒரு தெரு முழுக்க இவ்வளவு ஒற்றுமையாக ஒப்புக்கொண்ட பிரச்சினை வேறெந்த விண்ணப்பத்திலும் இல்லை. வெள்ளிக்கிழமை நேர்காணலுக்கு வரச் சொன்னார்கள்.

ஆனால் ஆராயிற விஷயம் இருக்கிறபடியே இருக்க வேண்டுமே! அன்றிலிருந்து மூவரும் சட்டை மாற்றவில்லை, தலை சீவவில்லை. புதிதாக எதையும் தெரிந்துகொண்டுவிடக் கூடாது என்று வகுப்புக்கும் போகவில்லை.

வியாழக்கிழமை மதியம் விடுதிச் சாப்பாட்டுக் கூடத்தில் தவசி திடீரென்று கையை உதறிக்கொண்டு எழுந்தான். முகமெல்லாம் வியர்வை.

"டேய், எனக்கு லேசா என்னமோ தோணுதுடா. அந்தக் குழாயக் கழட்டாம இருந்திருக்கலாமோன்னு..."

சோணைமுத்து கையில் இருந்த சோற்றைப் போட்டுவிட்டு அவன் தோளைப் பிடித்தான்.

"ஐயோ, புத்தி வருதுடா இவனுக்கு! அடக்கிக்கடா! நாளைக்கு ஒருநாள்தான்!"

"முடியலடா. இன்னும் வருதுடா."

"கோழிய நினை!" என்று கத்தினான் வெள்ளைச்சாமி. "பெரிய கோழியா நினை!"

தவசி கண்ணை இறுக மூடிக்கொண்டான். உடம்பு ஒரு தடவை நடுங்கியது. பிறகு மெல்லக் கண்ணைத் திறந்து, குழம்பு வாளியைப் பார்த்தான், கூரையைப் பார்த்தான், இருவரையும் பார்த்தான்.

"போயிருச்சுடா" என்றான்.

மூவரும் நிம்மதியாக உட்கார்ந்து இன்னொரு தடவை சோறு வாங்கிக்கொண்டார்கள்.