பூமுள்ளிக்குப் பெயர் வந்த விதம்

அந்தக் காலத்தில் கடலில் இருப்பவையும் கரையில் இருப்பவர்களும் ஒரே பேச்சைத்தான் பேசினார்கள். பாம்பனுக்குத் தெற்கே ஒரு தீவில் செம்பாயி என்று ஒருத்தி சங்கு குளித்து வந்தாள். எந்த உயிருக்கு என்ன பெயர், அது எந்தக் குலம் என்று சொல்லும் பொறுப்பு அவளுடையது. குலத்துக்கு ஒரு பொந்து பவளப்பாறையில் உண்டு. கிளாத்தி மீன் இரை தேடி வந்தால் அவரவர் பொந்துக்குள் ஒளிந்துகொள்வார்கள்.

பச்சைப்பயறு அளவில், உடம்பெல்லாம் முள்ளாக, அக்காளும் தங்கையுமாய் இரண்டு உயிர்கள் இருந்தன. அவற்றுக்குப் பெயரில்லை, அதனால் ஒளியப் பொந்தும் இல்லை. நண்டு, "கால் எங்கே?" என்று கேட்டுத் துரத்தியது. சிப்பி, "முள்ளு குத்துது, போ" என்றது. அவற்றின் அம்மாவைக் கிளாத்தி தின்றது அப்படித்தான்.

இரண்டும் செம்பாயியிடம் வந்தன.

செம்பாயி புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "முள்ளுதான் தெரியுது. உள்ளே என்னன்னு தெரியாம நான் எப்படிக் குலம் சொல்றது? தப்பாச் சொன்னா ரெண்டு நாள்ல உங்களை விரட்டிவிட்டுருவாங்க."

"முள் போயிட்டா தெரியுமா, தாயே?" என்று அக்காள் கேட்டது.

"தெரியும். ஆனா முள்ளு உதிர்ந்தா நீ உயிரோட இருக்க மாட்டியே."

மறுநாள் நீர் வற்றியபோது அக்காள் தங்கையை ஈர மணலில் விட்டுவிட்டு, வெயில் காயும் பாறைமேல் ஏறிப் படுத்துக்கொண்டது. தங்கை கூப்பிட்டுப் பார்த்தது. அது இறங்கவில்லை.

செம்பாயி வந்தபோது முள்ளெல்லாம் உதிர்ந்து வெள்ளை ஓடு மட்டும் கிடந்தது. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். ஓட்டின்மேல் புள்ளி புள்ளியாக ஐந்து இதழ். நட்சத்திர மீனுக்கும் கை ஐந்து. அதே குலம்தான் என்று அவளுக்குப் புரிந்தது.

பிறகு நட்சத்திர மீனைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

"அடப்பாவமே, எங்க வீட்டுப் பிள்ளையா!" என்ற நட்சத்திர மீன், தங்கையைத் தன் கைக்குக் கீழே இழுத்துக்கொண்டது.

"இனி உன் பேரு பூமுள்ளி" என்றாள் செம்பாயி.

"அக்கா பேரு?"

"அதுவும் பூமுள்ளிதான். அவளைப் பார்த்துத்தானே உங்க எல்லாருக்கும் பேரு வச்சிருக்கேன்."

அந்த ஓட்டைப் பஞ்சில் பொதிந்து, மூடியுள்ள ஒரு சிமிழில் பத்திரமாக வைத்தாள்.

இறந்த பூமுள்ளியின் முள் உதிர்ந்து ஐந்திதழ் தெரிவது அன்று முதல்தான். புதிய உயிருக்குப் பெயர் வைக்கிறவர்கள், அந்த இனத்தில் ஒன்றின் உடலை அழியாமல் எடுத்துவைக்கும் வழக்கமும் அன்று முதல்தான் வந்தது.