எரியாமல் விட்ட புள்ளி

முன்னொரு காலத்தில் கடம்பநாட்டை உக்கிரவர்மன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் ஊருக்கே விருந்து வைப்பான். மத்தியானம் பாயசத்தில் இனிப்பு குறைந்ததென்று சமையல்காரனை நாடு கடத்துவான். சாயங்காலம் பசித்ததும் ஆளனுப்பிக் கூப்பிடுவான். சமையல்காரனும் விவரமானவன், எல்லை வரைக்கும் போகாமல் மூட்டையோடு அரண்மனைத் தோட்டத்திலேயே உட்கார்ந்திருப்பான்.

அப்பேர்ப்பட்ட ராஜா ஒரு மாதமாகச் சரியாகச் சாப்பிடவில்லை. பதினோரு வருஷம் அவனோடு வேட்டைக்கு வந்த செவலை என்கிற நாய் செத்துப்போயிருந்தது. அதன் முகத்தை அப்படியே எழுதித் தரச்சொல்லி அரண்மனைச் சித்திரக்காரர் தாண்டவராயருக்கு உத்தரவு போட்டான். அவரும் இரண்டு படம் எழுதிக் கொடுத்தார்.

"நாய்தான். ஆனால் என் நாய் இல்லை" என்று இரண்டையும் தள்ளிவிட்டான் ராஜா. "மூன்றாவதும் இப்படி இருந்தால், நீர் யானைக் கொட்டாரத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கப் போகலாம்."

நாற்பது வருஷம் தூரிகை பிடித்த கைக்கு இது தேவையா? தாண்டவராயருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் அவர் வீட்டு வாசலுக்குப் பேச்சி வந்தாள். அரண்மனை மாடுகளுக்குச் சூட்டுக்கோலால் அடையாளம் போடுகிறவள் அவள். கையில் ஒரு வெளுத்த பலகை வைத்திருந்தாள்.

"ஐயா, செவலை எங்க மாட்டுக் கொட்டகையிலதான் படுத்துக் கிடக்கும். அது நெனப்பா அதோட மொகத்தைச் சூட்டுக்கோலால இதுல சுட்டேன். அரண்மனைக்குள்ள என்னை யாரு விடுவாங்க? நீங்களே மகாராசா கையில குடுத்துருங்க."

தாண்டவராயர் பலகையைத் திருப்பிப் பார்த்தார். ஒவ்வொரு மயிரும் அது வளர்ந்த திசையிலேயே சுடப்பட்டிருந்தது. மூக்கில் ஈரம் தெரிந்தது. கண்ணில் ஒரு வெள்ளைப் புள்ளி மின்னியது. இடது காது மடிந்து கிடந்தது. ஒரு கணம் தன்னை மறந்து பார்த்தார். அடுத்த கணமே வயிறு பற்றி எரிந்தது. மாட்டுக்குச் சூடு போடுகிறவளுக்கு வந்தது தனக்கு வரவில்லையே!

ஆனாலும் அவள் பெயரைச் சொல்லித்தான் கொடுக்கவேண்டும் என்று நினைத்துக்கொண்டே சபைக்குப் போனார். அதை நான் நம்புகிறேன். ராஜாவோ பலகையைக் கண்டதும் மார்போடு அணைத்துக்கொண்டு ஓவென்று அழுதான். "தாண்டவராயரே, என் செவலையைத் திருப்பிக் கொண்டுவந்துவிட்டீரே!"

சித்திரக்காரர் வாயைத் திறந்தார். சுண்ணாம்பு வாளி கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டு கும்பிடு போட்டார். அவ்வளவுதான். ராஜா தன் கைக்காப்பைக் கழற்றி அவர் கையில் பூட்டிவிட்டான்.

மூன்று நாள் அந்தக் காப்பை அவரால் நேராகப் பார்க்க முடியவில்லை. மாட்டுக் கொட்டகைப் பக்கம் போகாமல் ஊரைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனார். நாலாம் நாள் சபையில் மந்திரி நல்லபெருமாள் மெதுவாக ஆரம்பித்தார். சித்திரக்காரரின் விரல்களில் மஞ்சளும் நீலமும் இருக்கிறதே தவிர ஒரு தீக்காயம்கூட இல்லை என்பதை அவர் முதல் நாளே பார்த்துவைத்திருந்தார்.

"தாண்டவராயரே, செவலைக்குக் கண் திறந்த நேரத்தைக் கல்லில் பொறிக்கச் சொல்கிறார் மகாராஜா. எப்போது திறந்தீர்?"

"கண் திறப்பது கடைசியில்தானே மந்திரியாரே? எல்லாம் முடித்து, குளித்து முழுகி, ரோகிணி நட்சத்திரத்தில் அந்த வெள்ளைப் புள்ளியை வைத்தேன்." நாற்பது வருஷப் பழக்கம், வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எதைக்கொண்டு வைத்தீர்?"

"சூட்டுக்கோலால்தான்."

"சூட்டுக்கோல் பட்டால் மரம் கருகும். வெள்ளை எப்படி ஐயா வரும்?"

தாண்டவராயருக்குக் காது மடல் வரைக்கும் சுட்டது. பொய் ஏதாவது வருமா என்று தேடிப் பார்த்தார். "பேச்சி செய்தது" என்றார் தரையைப் பார்த்து. "மாட்டுக் கொட்டகைப் பேச்சி."

சாம்பல் படிந்த கையோடு வந்து நின்றாள் பேச்சி. மந்திரி அவளிடமும் அதே கேள்வியைக் கேட்டார்.

"கண்ணா? அதைத்தான் சாமி மொதல்ல பார்க்கணும். அந்தப் பொட்டு எடத்தை விட்டுட்டு சுத்திச் சுடணும். கோல் பட்டுட்டா போச்சு, மறுபடி வராது."

ராஜா சிம்மாசனத்தை விட்டு எழுந்துவிட்டான். காப்பு பேச்சியின் கைக்கு மாறியது. அதோடு விட்டால் அவன் உக்கிரவர்மனா? "பேச்சி, இந்த ஆள் முகத்தை ஒரு நாய் உடம்பில் வைத்துச் சுடு! சபையில் மாட்டுகிறேன்."

"வேண்டாம் மகாராசா. செவலை ஒரு நாளும் அடுத்ததோட தட்டுல வாய் வச்சதில்ல. அதை ஏன் கேவலப்படுத்தணும்?"

சபை சிரித்தது. சித்திரக்காரருக்கு, பூமி பிளந்து தன்னை விழுங்கக்கூடாதா என்றிருந்தது. "அப்படியானால் மனுஷ முகமாகவே சுடட்டும்" என்றார் மந்திரி. "அதை இவர் தம் வீட்டு வாசலில் மாட்டட்டும். யார் செய்தது என்று யார் கேட்டாலும் இவரே பதில் சொல்லட்டும்."

கோல் காய்ச்சக் கரிச்சட்டி வந்தது. தாண்டவராயர் எதிரே உட்கார்ந்தார். பேச்சி அவரைக் கோபமில்லாமல் பார்த்துப் பார்த்துப் பலகையில் சுட்டாள். அந்தப் பார்வையைத்தான் அவரால் தாங்க முடியவில்லை. பலகை முடிந்தபோது தொங்கிய தாடையும் கடித்த உதடும் அப்படியே இருந்தன. ஆனால் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு பொட்டு எரியாமல் வெள்ளையாக நின்றது.

"திருடன் கண்ணுக்கு வெளிச்சம் எதற்கு?" என்றான் ராஜா.

"இருந்துச்சு மகாராசா. செவலைப் பலகையை மொதல்ல பார்த்தாரே, அப்ப அவரு கண்ணுல பார்த்தேன்."

அதைக் கேட்டதும்தான் தாண்டவராயர் அழுதார். அன்று சாயங்காலம் பலகையைத் தம் கையாலேயே வாசலில் மாட்டினார். உள்ளேயிருந்து அவர் சம்சாரம் வந்து பார்த்தாள்.

"அப்படியே உசுரோட இருக்கே! நீங்க எழுதினதா?"

"இல்லை" என்றார். படியில் இறங்கி நின்று, தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்: "பேச்சி சுட்டது."