இறக்கத்தில் இறுகிய பிரேக்

போடி மலை அடிவாரத்தில் எஸ்தர் ஒரு பட்டறை வைத்திருந்தாள். மலை ஏறும் ஜீப்புகளுக்கு அங்கேதான் வைத்தியம். அவளிடம் தொழில் படிக்க வந்தவருக்கு வயது ஐம்பத்திரண்டு. குருவுக்கு முப்பத்தாறு.

வந்தவர் பெயர் ஒச்சப்பன். இருபத்தைந்து வருடம் அதே மலையில் ஜீப் ஓட்டியவர். கழுத்து எலும்பு தேய்ந்துபோய், தினமும் மலை ஏறக் கூடாது என்று டாக்டர் சொன்ன பிறகு ஸ்பானரைப் பிடித்தார்.

அவரிடம் ஒரு கேள்வி இருந்தது.

"ஒரு வேலை முடிஞ்சிருச்சுன்னு எப்படித் தாயி தெரியுது?"

கேட்கும்போதெல்லாம் எஸ்தர் கையைத் துடைத்துக்கொண்டு, "அந்தப் பதினாலாம் நம்பர் ஸ்பானரை எடுங்கண்ணே" என்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் டிரைவர் மொக்கராசு ஜீப்பைக் கொண்டுவந்து நிறுத்தினான். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப்போய், சாயங்காலம் இறக்கிக்கொண்டு வருகிற ஜீப் அது.

"மச்சான், போன வாரம் நீ பார்த்த பிரேக்குதான். ஏறும்போது நல்லா இருக்கு. இறங்குறப்ப பெடல் கல்லு மாதிரி ஆயிருது. நேத்து ரெண்டு காலையும் வச்சு எந்திரிச்சே நின்னுட்டேன். பின்னாடி ஒரே கத்தல்."

"வாழைத்தண்டுக் காலை வச்சுக்கிட்டுப் பிரேக்கைக் குத்தம் சொல்லாதடா" என்றார் ஒச்சப்பன்.

சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு நீடிக்கவில்லை. அந்த ஜீப்பில்தான் அவர் மனைவி வெள்ளைத்தாய் வேலைக்குப் போகிறாள். இறக்கத்தில் பக்கத்தில் இருப்பவள் தோளில் சாய்ந்து தூங்கிவிடுவாள்; தெருமுனையில் ஜீப் நின்றால்தான் முழிப்பாள் என்பது பட்டறைக்கே தெரியும். நேற்று அவள் முகம் தூங்கி வந்த முகமாக இல்லை. கம்பியைப் பிடித்துப் பிடித்து இரண்டு உள்ளங்கையும் சிவந்திருந்தன.  ஏனென்று அவர் கேட்கவில்லை.

நாளைக் காலையில் அதே ஜீப்.

எஸ்தர் கேட்டாள். "போன வாரம் என்ன செஞ்சீங்கண்ணே?"

"பூஸ்டருக்குப் போற ஹோஸ் வெடிச்சிருந்துச்சு. மாத்தினேன்."

எஞ்சினோடு சுற்றும் பம்ப் அந்த ஹோஸ் வழியாகத்தான் பூஸ்டரிலிருந்து காற்றை உறிஞ்சும். அந்த உறிஞ்சல் இருந்தால் பெடல் லேசாக இறங்கும். இல்லாவிட்டால் முழுப் பாரமும் ஓட்டுகிறவன் கால் மேல்.

"எந்த ஹோஸ் போட்டீங்க?"

"ரேக்குல கிடந்த தண்ணி ஹோஸ். அதே கனம்தான். ஒரு முனையை அடைச்சு ஊதிப் பார்த்தேன், ஒரு பொட்டுக் காத்து கசியலை. மேட்டு வரைக்கும் நானே ஓட்டிட்டுப் போய் இறங்கியும் வந்தேன். எனக்கு வித்தியாசம் ஒண்ணும் தெரியலை."

எஸ்தர் ஓட்டுநர் இருக்கையில் ஏறினாள். எஞ்சின் நின்றிருக்கையில் பெடலை இறுகும் வரை மிதித்தாள். காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்தாள். பெடல் தானாகக் கீழே இறங்கியது.

"பார்த்தியாடா! நல்லாத்தான் இருக்கு" என்றார் ஒச்சப்பன்.

"டீ சொல்லுங்கண்ணே."

"எஞ்சினை அணைக்கலையா?"

"ஓடட்டும்."

பானெட்டை மூடியபடியே விட்டு மூவரும் டீ குடித்தார்கள். எஸ்தர் ஊதி ஊதிக் குடித்தாள். மொக்கராசு டீசலை நினைத்துப் பெருமூச்சு விட்டான். தகரக் கூரைக்குக் கீழே வெக்கை ஏறியது. கடைசிச் சொட்டு வரைக்கும் குடித்த பிறகு எஸ்தர் சொன்னாள்.

"இப்ப ஏறி மிதிங்க மொக்கராசு. விட்டு விட்டு."

முதல் மிதி இறங்கியது. அடுத்தது பாதியில் நின்றது. அதற்கடுத்தது அசையவே இல்லை.

"கல்லு!" என்று கத்தினான் மொக்கராசு.

ஒச்சப்பன் கதவைத் திறந்தார். "தள்ளுடா, நான் மிதிக்கிறேன்."

"மிதிக்க வேணாம்ணே. இங்க வந்து பாருங்க."

எஸ்தர் பானெட்டைத் தூக்கினாள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சூட்டில் இளகிய ஹோஸ், பீடி இழுக்கும்போது ஒட்டிப்போகிற கன்னம் மாதிரி உள்ளே ஒட்டித் தட்டையாகக் கிடந்தது. எஸ்தர் எஞ்சினை அணைத்தாள். கொஞ்ச நேரத்தில் அது மெல்ல உப்பிப் பழையபடி உருண்டையானது.

ஒச்சப்பன் அதை விரலால் அமுக்கிப் பார்த்தார்.

"ஊதிப் பார்த்தேனே தாயி."

"அதை யாருண்ணே ஊதப் போறா? எஞ்சின் உறிஞ்சத்தானே செய்யுது."

அவர் அந்த ஹோஸைக் கழற்றி எறிந்தார். தானே கடைக்குப் போய், உறிஞ்சலைத் தாங்குகிற, உள்ளே நூல் பின்னிய தடித்த வேக்குவம் ஹோஸை வாங்கி வந்தார். தானே மாட்டினார். தானே எஞ்சினை ஓடவிட்டு, பானெட்டை மூடி, டீ சொன்னார். இந்தமுறை மொக்கராசு எத்தனை மிதி மிதித்தும் பெடல் வெண்ணெயாக இறங்கியது. பானெட்டைத் திறந்து பார்த்தார். ஹோஸ் ஒட்டவில்லை.

"வண்டியை மேட்டுக்குக் கொண்டுபோய் இறக்கிப் பார்த்துருவோம்" என்று ஓட்டுநர் பக்கம் நடந்தார்.

"மொக்கராசு ஓட்டட்டும். நீங்க பின்னாடி."

"நான் ஓட்டுனாத்தானே தாயி எனக்குத் தெரியும்?"

"போன வாரமும் நீங்கதான் ஓட்டுனீங்க. பெடல் இறுகினதும் உங்க காலு பழக்கத்துல தானா ஓங்கி அமுக்கிருச்சு."

ஒச்சப்பன் பின்னால் ஏறினார். தோட்டத்துப் பெண்கள் உட்காருகிற பக்கவாட்டு பெஞ்சு. இருபத்தைந்து வருடத்தில் அவர் உட்காராத இடம். அங்கிருந்து சாலை தெரியவில்லை. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளத்தாக்கு மட்டும் தெரிந்தது.

மேட்டில் திரும்பி இறங்கினார்கள். முதல் வளைவில் அவர் வலது கால் தரைத் தகட்டை ஓங்கி மிதித்தது. அங்கே பெடல் இல்லை. கை கம்பியைத் தேடிப் பிடித்துக்கொண்டது. அடுத்த வளைவிலும் மிதித்தார். முன் இருக்கையில் எஸ்தர் திரும்பிப் பார்க்கவில்லை. தகடு அதிரும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வந்தாள்.

சத்தம் எந்த வளைவில் நின்றது என்று ஒச்சப்பனுக்கே தெரியாது. பட்டறை வாசலில் ஜீப் நின்றபோது அவர் கால் பெஞ்சுக்கு அடியில் மடங்கிக் கிடந்தது. கை மடியில் இருந்தது.

மொக்கராசு ஸ்டீயரிங்கைத் தட்டினான். "வாழைத்தண்டுக் காலுக்கே நிக்குது மச்சான்!"

ஒச்சப்பன் இறங்கினார். பானெட் மேல் உள்ளங்கையை வைத்து நின்றார். பிறகு எஸ்தர் பக்கம் திரும்பினார்.

"வேலை முடிஞ்சிருச்சுல்ல தாயி?"

எஸ்தர் கையைத் துடைத்தாள். இந்தமுறை ஸ்பானர் கேட்கவில்லை.

"நாளைக்குச் சாயங்காலம் மதினியைக் கேளுங்கண்ணே, எந்த வளைவு வரைக்கும் முழிச்சிருந்தாங்கன்னு."