மதகுக் கார்டு

தைரியநாதனுக்கு ஐம்பது வயது. நாகர்கோவிலில் இன்சூரன்ஸ் ஏஜென்ட். 'சேனை' என்ற கார்டு விளையாட்டின் மேல் அவருக்கு அப்படியொரு பைத்தியம். வடசேரியில் ஒரு செருப்புக் கடையின் மாடியில் ரெஜினி நடத்தும் பயிற்சி அறைக்கு ஞாயிறு தவறாமல் வந்துவிடுவார். ரெஜினி அவரைவிட ரொம்பவே இளையவள். ஆனாலும் "டீச்சர்" என்றுதான் கூப்பிடுவார்.

சேனையில் ஆளுக்கு ஒரு டெக், அதாவது கார்டுக் கட்டு. வேண்டிய கார்டுகளை அவரவரே பொறுக்கி அடுக்கிக்கொள்ள வேண்டும். தைரியநாதனுடையது கன்ட்ரோல் டெக். எதிராளி இறக்குவதையெல்லாம் தடுத்துத் தடுத்து ஆட்டத்தை இழுத்தடிப்பார். எதிராளி ஓய்ந்த பிறகு ஜெயிப்பார்.

போன வருஷம் மதுரையில் நடந்த போட்டியில் இறுதி ஆட்டம் வரை போனார். ஜெயித்திருந்தால் மாநில அணியில் இடம். எதிராளி கருநாகம் என்ற கார்டை இறக்கினான். அதைத் தடுக்க இவர் கையில் ஒன்றுமில்லை. தோற்றார்.

ஊர் திரும்பியதும் டெக்கில் கீரிக் கார்டுகளாகச் சேர்த்தார். கீரி கருநாகத்தைக் கொல்லும். வேறு எதற்கும் உதவாது.

அதன் பிறகு கருநாகத்திடம் அவர் தோற்கவே இல்லை. மற்ற எல்லாரிடமும் தோற்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாய்விட்டுக் கேட்டார்.

"டீச்சர், என் டெக்ல இருந்து எந்தக் கார்டை வெளிய எடுக்கணும்?"

ரெஜினி கையை நீட்டினாள். "உங்க டெக்கைக் குடுங்க, நான் ஆடுறேன். நீங்க என்னோடதை எடுத்துக்குங்க" என்றாள்.

அவளுடையது வேக டெக். எல்லாம் சில்லறை ஈட்டிக்காரர்கள். தைரியநாதன் ஒவ்வொருவராக இறக்கி அடித்துக்கொண்டே போனார். ரெஜினியால் ஒருவனைக்கூடத் தடுக்க முடியவில்லை. ஆட்டம் சீக்கிரமே முடிந்தது.

கையிலிருந்த கார்டுகளை அவள் மேசையில் விரித்தாள். அத்தனையும் கீரி.

அவர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாகம் வந்திருந்தா?"

"வரலையே சார்."

"வந்திருந்தா டீச்சர்?"

ரெஜினி தன் பெட்டியைத் திறந்து ஒரு கார்டை எடுத்து வைத்தாள். மதகு. அதை இரண்டு விதமாக இறக்கலாம். அடைத்தால், எதிராளி அப்போது இறக்கும் கார்டு எதுவானாலும் செல்லாது; ஏற்கெனவே களத்தில் நிற்பதை ஒன்றும் செய்யாது. திறந்தால், நமக்கு இரண்டு புதுக் கார்டுகள் வரும். இரண்டில் ஒன்றுதான் செய்ய முடியும். அத்தோடு மதகு போய்விடும்.

தைரியநாதனுக்குத் தெரிந்த கார்டுதான்.

"இதைவிட நல்லாத் தடுக்கிற கார்டு இருக்கு. இதைவிட அள்ளிக் குடுக்கிற கார்டும் இருக்கு. இது ரெண்டுலயும் அரைகுறை."

"ஆமா."

"அப்புறம் எதுக்கு?"

"எப்ப கைக்கு வந்தாலும் முகம் சுளிக்க மாட்டீங்க."

கீரிகளை எடுத்துவிட்டு மதகுகளை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த ஞாயிறு ரெஜினியோடு ஆடினார். மறுபடியும் தோற்றார்.

"கையைக் காட்டுங்க" என்றாள்.

காட்டினார். இரண்டு மதகுகள்.

"நல்ல கார்டு வராம இவ்வளவு நேரம் தவிச்சீங்களே. ஒண்ணைத் திறந்திருக்கலாமே?"

"திறந்துட்டு, பின்னால நாகம் வந்தா?"

"அப்போ உங்க கையில இருந்தது மதகு இல்ல சார். கீரி."

தைரியநாதன் கார்டுகளை மெல்ல அடுக்கிப் பையில் போட்டுக்கொண்டார்.

இந்த வருஷமும் மதுரையில் இறுதி ஆட்டம் வரை வந்துவிட்டார். எதிரே அஸ்மத் என்ற கல்லூரிப் பெண். அதிகம் பேசாதவள். அவளுடைய ஈட்டிக்காரர்கள் இருவர் களத்தில் நின்றார்கள். விட்டால் இன்னும் இரண்டு சுற்றில் கதை முடிந்துவிடும். தைரியநாதன் கையில் மிச்சமிருந்தது ஒரே ஒரு மதகு.

அஸ்மத்தின் கையிலும் ஒரு கார்டு இருந்தது. ஆட்டத்தின் தொடக்கத்திலிருந்து அதை அவள் இறக்கவே இல்லை. அது நாகமாக இருக்குமோ என்று அவருக்குத் தோன்றியது. மதகை எடுத்தார். திரும்பக் கீழே வைத்தார். மறுபடியும் எடுத்தார்.

"திறக்கிறேன்" என்றார்.

வந்த இரண்டில் ஒன்று வெள்ளம். அடுத்த நொடியே இறக்கினார். ஈட்டிக்காரர்கள் இருவரும் அடித்துச் செல்லப்பட்டார்கள். சுற்றி நின்றவர்கள் கை தட்டினார்கள்.

அஸ்மத் கடைசிக் கார்டைத் திருப்பி வைத்தாள். கருநாகம்.

அவரிடம் இருந்த இன்னொரு கார்டால் அதை ஒன்றும் செய்ய முடியவில்லை. கொஞ்ச நேரத்தில் தோற்றார்.

கை குலுக்கும்போது அந்தப் பெண் சொன்னாள்: "உங்க கையில மதகு இருக்கும்னு நினைச்சேன் அங்கிள். அது போற வரைக்கும் காத்துக்கிட்டிருந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை வழக்கம்போல் மாடியேறி வந்து ரெஜினிக்கு எதிரே உட்கார்ந்தார்.

"என்னாச்சு சார்?"

"தோத்துட்டேன். இடம் போச்சு."

"எதுல?"

"நாகம் வந்துச்சு. அடைக்க ஒண்ணும் இல்ல."

"மதகு?"

"முந்தின சுற்றுலதான் திறந்தேன்." அஸ்மத் சொன்னதையும் சொன்னார்.

ரெஜினி கேட்டுக்கொண்டாள்.

"அதே கை இன்னொரு தடவை வந்தா?"

தைரியநாதன் யோசித்தார். கீழே கடையில் யாரோ செருப்புக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். களத்தில் நின்ற ஈட்டிக்காரர்களையும் அஸ்மத்தின் கையில் இருந்த அந்த ஒற்றைக் கார்டையும் மனசுக்குள் மறுபடி அடுக்கிப் பார்த்தார்.

"திறப்பேன்" என்றார்.

ரெஜினி தன் டெக்கை எடுத்துக் கலைக்க ஆரம்பித்தாள்.

"அப்போ அந்தப் பொண்ணு நல்லா ஆடியிருக்கா."