கயிறு பிடித்தவளும் மூன்று புலவர்களும்

அநியாயம் நடந்தது மாதி என்ற பெண்ணுக்கு. ஏழு தேன்பருவமாக அவள் கையில் இருந்த கயிற்றை, அவள் ஒரு தவறும் செய்யாதபோதே, அரசவை பிடுங்கிக்கொண்டது. காரணம் கேட்டால் சிரிப்பீர்கள். நம்பிக்கை என்பதற்கு அவளுக்கு வேறு பெயர் தெரியவில்லையாம்!

சிரித்தாயிற்றா? இனிக் கேளுங்கள்.

மலைகளுக்கெல்லாம் பெயர் வைத்து முடிக்காத காலம் அது. நெடுவேலன் என்றொரு அரசன் ஆண்டு வந்தான். அவன் நாட்டின் ஓரத்தில் செங்குத்தாக ஒரு பாறை. அதன் நடு உடம்பில் முறம் அகலத்துக்குத் தேனடைகள் தொங்கும். அங்கே இறங்கித் தேன் எடுப்பவன் கோலன். அவன் மனைவி கெம்பி. கெம்பியின் தங்கைதான் நம் மாதி.

அந்த மலையில் ஒரு வழக்கம். இறங்குகிறவனுக்குக் கயிறு பிடிப்பது அவன் மனைவியின் கூடப் பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும். கை நழுவினால் கணவனை இழப்பது சொந்த அக்காள். அப்புறம் கை எப்படி நழுவும்? கெம்பிக்கு அண்ணன் தம்பி இல்லை, தங்கைதான் உண்டு. ஆகவே கயிறு மாதியிடம் வந்தது. மலையில் யாரும் இதற்கு மூக்கைச் சுளிக்கவில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. இறங்கியவன் வாய் திறக்கக் கூடாது. திறந்தால் தேனீ உள்ளே போகும். மேலே கயிறு பிடிக்கிறவர் வாய் மூடக் கூடாது. குரல் வந்துகொண்டே இருந்தால்தான் மேலே ஆள் இருக்கிறது என்று கீழே இருப்பவனுக்குத் தெரியும். ஆகவே மாதி திட்டுவாள்.

"யோவ் மச்சான், களியில் உப்பில்லை என்று அக்காளிடம் மூஞ்சியைத் தூக்கினாயாமே! இப்போது தூக்கு, பார்க்கலாம்!"

பாவம் கோலன், பதில் சொல்ல முடியாது. ஒருமுறை இழுத்தால், கயிறு விடு. இருமுறை இழுத்தால், நிறுத்து. மும்முறை இழுத்தால், ஏறி வருகிறேன், இழுத்துக்கொண்டே இரு. அவன் பேச்சு அவ்வளவுதான்.

அந்தத் தேன் ஒருநாள் அரசனின் நாக்குக்குப் போயிற்று. ருசி கண்டவன் சும்மா இருப்பானா? "இனி இது அரசுப் பாறை. அவை யாரை நம்புகிறதோ அவரே கயிறு பிடிக்க வேண்டும்" என்றான்.

அப்போது அவையில் நிகண்டு தொகுத்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு பொருளுக்கும் எத்தனை பெயர் என்று அடுக்குகிற நூல் அது. நம்பிக்கை என்ற இடத்துக்கு வந்ததும் எது சரியான சொல் என்று மூன்று புலவர்களுக்குள் மூன்று மாதமாகச் சண்டை. அந்தச் சண்டைக்கு நடுவே மாதியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

"நம்பிக்கைக்கு எத்தனை பெயர் தெரியும் உனக்கு?" என்றார் முதல் புலவர்.

"அதைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியம் இதுவரை வரவில்லை, ஐயா."

அவை குலுங்கிச் சிரித்தது. "பெயரே தெரியாதவளிடம் ஓர் உயிரைக் கொடுப்பதா? அதுவும் பெண்பிள்ளையிடம்!" என்றார் இரண்டாம் புலவர்.

"சரி, கயிற்றை உங்களிடம் கொடுத்து மச்சான் விழுந்துவிட்டால் யார் பொறுப்பு?" என்று கேட்டாள் மாதி.

"பொறுப்பு என்ற சொல்லுக்கு நாங்கள் இன்னும் வரவில்லை" என்றார் மூன்றாம் புலவர்.

தீர்ப்பு ஆயிற்று. புலவர்கள் முறைவைத்துக் கயிறு பிடிப்பார்கள். மாதி இருபது அடி தள்ளி நிற்க வேண்டும். வாய் திறக்கக் கூடாது. காவலுக்கு இரண்டு வேல்காரர்கள். கோலன் இறங்க மறுத்தால் குடும்பத்தோடு மலையை விட்டுப் போக வேண்டும்.

முதல் நாள் வந்தவர் நம்பிக்கை என்ற சொல்லே போதும் என்றவர். "நம்புகிறவன் சாட்சி கேட்க மாட்டான். நான் இருக்கிறேன் என்று கத்திக் காட்டினால் அதற்குப் பெயர் நம்பிக்கையா?" என்று வாயை இறுக மூடிக்கொண்டார். கீழே கோலன் காதைத் தீட்டிக் கேட்டான். ஒரு சத்தமும் இல்லை. மேலே இருந்தவர் கயிற்றை எதிலோ கட்டிவிட்டு ஓடிவிட்டார் என்றே நினைத்தான். இழுக்க ஆள் இல்லை என்று தானாகவே கயிற்றைப் பிடித்து ஏறி வந்தான். உள்ளங்கை இரண்டும் உரிந்து போயிருந்தன.

"இவனுக்கு நம்பிக்கை போதாது" என்றார் புலவர்.

இரண்டாம் நாள் வந்தவர் விசுவாசம் என்ற சொல்லுக்காக வாதாடியவர். அவர் வாய் மூடவில்லை. ராஜாவைப் புகழ்ந்து பாடிக்கொண்டே கயிறு பிடித்தார். பாடிக்கொண்டிருக்கும்போதே ராஜா வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்! புலவர் என்ன செய்தார்? இரண்டு கையையும் தலைக்குமேல் கூப்பிக் கும்பிட்டார். கயிறு மூன்று ஆள் நீளம் சரசரவென்று ஓடிப் பாறைப் பிளவில் சிக்கி நின்றது. கோலனை மேலே எடுத்தபோது முழங்கால் சதை பிய்ந்திருந்தது.

"ராஜாவைக் கண்டும் கும்பிடாதவன் விசுவாசியா?" என்றார் புலவர். அரசன் மகிழ்ந்து அவருக்கு ஒரு சால்வை போர்த்தினான். ஆமாம், சால்வை!

மூன்றாம் நாள் காலையில் கெம்பி கணவனின் காலைக் கட்டிக்கொண்டாள். "போகாதே. மலை போனால் போகட்டும்."

"போனால் பிழைப்புக்கு எங்கே போவோம்? இன்னும் ஒரு நாள் பார்க்கிறேன்" என்றான் கோலன்.

அன்று வந்தவர் உறுதி என்ற சொல்லைப் பிடித்தவர். "கை நழுவும், மனம் மாறும். முடிச்சு மாறாது" என்று கயிற்றை வேங்கை மரத்தில் ஒன்பது முடிச்சுப் போட்டுக் கட்டினார். பிறகு நிழலில் உட்கார்ந்து, இவன் விழமாட்டான் என்று ஓலையில் எழுதி, அன்றும் வேடிக்கை பார்க்க வந்திருந்த அரசனிடம் நீட்டினார். அரசன் தலையாட்டினான்.

கீழே தேனீக்கள் கிளம்பின. கோலன் மும்முறை இழுத்தான். மரமா பதில் சொல்லும்? மறுபடி இழுத்தான். கயிறு பாறை விளிம்பில் தேய்ந்தது. மூன்று புரிக் கயிற்றில் ஒரு புரி அறுந்தது. இரண்டாம் புரியும் அறுந்தது.

மாதி வேல்களை விலக்கிக்கொண்டு பாய்ந்தாள். விளிம்பில் குப்புறப் படுத்து, தேய்ந்த இடத்துக்குக் கீழே கயிற்றைப் பற்றி மேலே இழுத்தாள். இடுப்பில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, உட்கார்ந்தபடி குதிகாலைப் பாறைப் பிளவில் ஊன்றினாள். பிறகு வாயைத் திறந்தாள்.

"யோவ் மச்சான்! மூன்று நாளாக ராஜமரியாதையில் தொங்குகிறாயே, தேன் எங்கே? ஏறி வா சோம்பேறி! அக்காள் களி கிண்டி வைத்திருக்கிறாள். இன்றைக்கும் உப்பு இல்லை!"

பிறகு கயிறு அசைந்தது. ஒன்று. இரண்டு. மூன்று.

அவன் ஏற ஏற அவள் இழுத்தாள். இழுக்க இழுக்கத் திட்டினாள்.

அரசன் அவள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றான். அவள் எழவில்லை, கும்பிடவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அரசனுக்குக் கோபம் வரவில்லை. முதல் தடவையாக அவனுக்கு வெட்கம் வந்தது.

நீதியை இங்கேயே சொல்லிவிடுகிறேன், கதை அவள் பேச்சோடுதான் முடிய வேண்டும்: தன்னை நம்பி இருக்கிற உயிரை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் பார்ப்பவரே நம்பத் தகுந்தவர்.

"பெண்ணே, என் புலவர்கள் ஆளுக்கொரு சொல் வைத்திருந்தார்கள்" என்றான் அரசன். "நீ செய்கிற இதற்கு என்ன பெயர்? சொல், நிகண்டில் அதையே எழுதச் சொல்கிறேன்."

மாதி கயிற்றிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"கீழே ஆள் இருக்கிறார், ராஜா. அவர் மேலே வந்து சேரட்டும், அப்புறம் பேசலாம்."