சிட்டம்மாவோட கோடிச்சேலை

அட, சும்மா இருடி. எச்.ஐ.வி. வந்தவங்களுக்கு நரை விழாதுன்னு உனக்கு எவ சொன்னா? பெரியாஸ்பத்திரியில அந்த மாத்திரை குடுக்கிற எடத்துல போய்ப் பாரு, பாதிப் பேரு கைத்தடியோட வர்றாங்க. நம்ம சிட்டம்மாவுக்கே அம்பத்தெட்டு, கண்ணும் மங்கிப்போச்சு.

அவளுக்கு மாத்திரை தின்னப் பழக்கினவ அன்னத்தாயி. அவளுக்கும் அதே வியாதிதான், ஆனா அஞ்சு வருசம் மூத்த வியாதி. அப்பெல்லாம் மாத்திரைக்கு மதுரைக்குத்தான் போகணும். விடியக்கால பஸ்ஸுல ஏழு பொம்பளைக, மடியில புளிச்சோறு. "எந்தக் கோயிலுக்கும்மா?"ன்னு கண்டக்டர் கேப்பான். "மாத்திரை அம்மன் கோயிலுக்கு"ம்பா அன்னத்தாயி. அவன் கன்னத்துல போட்டுக்குவான். ஏழு பேரும் சிரிச்ச சிரிப்பு சிட்டம்மா காதுல இன்னும் கேக்குது.

எங்க விட்டேன்? ஆங், கண்ணு.

சிட்டம்மாவுக்குக் கண்ணுல புரை. சர்க்கரை மாத்திரையையும் அந்த மாத்திரையையும் மாத்தித் தின்னுட்டா. நாளைக்கே ஆபரேஷன்னுட்டாங்க டாக்டரம்மா. இவ அன்னத்தாயி வீட்டுல வந்து ஒக்காந்துக்கிட்டு கையெழுத்துப் போட மாட்டேங்கறா. அன்னத்தாயி மருமக பவுனு, ஆஸ்பத்திரிப் பாரத்தை வச்சுக்கிட்டு வாசல்லயே நிக்கிறா.

"எதுக்குக்கா? இருக்கப்போறது கொஞ்ச நாளு. அதுக்கு ஒரு கண்ணா?"

அன்னத்தாயி பீரோவத் தொறந்து ஒரு மஞ்சப்பையை எடுத்து அவ மடியில போட்டா.

தொட்டதுமே சிட்டம்மாவுக்குத் தெரிஞ்சுபோச்சு. இருபத்திரெண்டு வருசம் முந்தி, "ஒரு வருசம் தாங்கும்"னு ஒரு டாக்டர் நாள் குறிச்சாரு. செத்தா பொறந்த வீட்டுக் கோடி வராதுன்னு அண்ணங்காரன் மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டான். இவளே ஒரு பச்சைச் சேலை எடுத்தா. "நீ போத்தி அனுப்புக்கா"ன்னு அன்னத்தாயி கையில குடுத்தா. அந்தச் சேலை.

"பிரிச்சுப் பாரு."

பிரிச்சா. மடிச்ச மடிப்புலயே சரசரன்னு கிழிஞ்சு துண்டு துண்டா விழுந்துச்சு.

"ஐயோ, என்னக்கா இது?"

"உனக்காகக் காத்துக் காத்து அது போய்ச் சேந்துருச்சு."

சிட்டம்மா ஒரு துண்டைக் கண்ணுக்குக் கிட்டத்துல வச்சுப் பாத்தா.

"பச்சை அப்படியே இருக்காக்கா?"

"நான் சொல்ல மாட்டேன். நாளன்னைக்கு நீயே பாரு. பாத்துட்டுக் கடைக்குப் போ. இந்தத் தடவை கட்டுறதுக்கு எடு."

சிட்டம்மா அந்தத் துண்டை முந்தியில முடிஞ்சுக்கிட்டா. அன்னத்தாயி வாசல் பக்கம் திரும்பினா.

"ஏ பவுனு! அந்தப் பாரத்தை உள்ள கொண்டா. பேனாவையும்!"